வெயில் கூடிப்போச்சு... சூரியனே மாறிடுச்சா? ஆதித்யா எல்1 மட்டும் பார்த்தா ஏன் போதாது?

சித்திரை வெயிலில் திருச்சி புத்தூர் நால்ரோட்டில் சிக்னலுக்கு நிற்கும்போது பலருக்கும் ஒரு சந்தேகம் வரும். "சூரியனே முன்னைவிட சூடாகிடுச்சோ?"

அப்படி இல்லை. சூரிய வெளிச்சத்தை 1978 முதல் செயற்கைக்கோள்கள் தொடர்ந்து அளந்து வருகின்றன. வளிமண்டலத்துக்கு மேலே ஒரு சதுர மீட்டருக்கு சராசரியாக 1,361 வாட். 11 ஆண்டு சுழற்சியில் இது ஏறி இறங்குவது சுமார் 0.1 சதவீதம்தான். இத்தனை வருஷத்தில் பூமி சூடாகியிருக்கு. சூரிய வெளிச்சம் அந்த மாதிரி கூடிக்கொண்டே போகவில்லை. நம்ம வெயில் கணக்குக்கு இந்த பதில் போதும்.

ஆனா சூரியனைப் புரிந்துகொள்ள இது போதாது. காரணம், இந்த அளவீடுகள் எல்லாமே பூமி இருக்கும் திசையில் இருந்து எடுக்கப்பட்டவை.

கோணம் மாறினா என்ன ஆகும்?

புத்தூர் மொட்டை மாடியில் இருந்து தெரியும் மலைக்கோட்டையும், ஸ்ரீரங்கம் போகும் காவிரிப் பாலத்தில் இருந்து தெரியும் மலைக்கோட்டையும் ஒன்றுதான். தோற்றம் வேற. சூரியனும் அப்படித்தான்.

சூரியன் மேல் கரும்புள்ளிகள் உண்டு. அவை வெளிச்சத்தைக் குறைக்கும். அவற்றைச் சுற்றி பிரகாசமான திட்டுகளும் உண்டு. அவை கூட்டும். இரண்டும் பெரும்பாலும் சூரியனின் நடுக்கோட்டுக்கு இருபுறமும்தான் வரும். நாம் கிட்டத்தட்ட நேர் எதிரே இருந்து பார்ப்பதால் புள்ளிகள் நம் கண்முன்னே கடந்து போகின்றன. சூரியன் ஒரு சுற்று சுற்றி அதே இடம் மறுபடி நம் பக்கம் வர சுமார் 27 நாள். அதனால் வெளிச்சமும் லேசாக ஏறி இறங்கும்.

துருவத்துக்கு மேலே நின்று பார்த்தால்? புள்ளிகள் எப்போதும் ஓரத்திலேயே, ஒடுங்கித் தெரியும். ஓரத்தில்தான் பிரகாசத் திட்டுகள் நன்றாக எடுபடும். சூரியன் ஒன்றுதான், கணக்கு வேற!

இதில் ஒரு புதிரும் இருக்கு. சூரியனைப் போன்ற 369 நட்சத்திரங்களை கெப்ளர் தொலைநோக்கி தரவுகளில் ஆராய்ந்து 2020-ல் ஒரு முடிவு வெளியானது. சராசரியாக அவற்றின் வெளிச்சம் சூரியனைவிட 5 மடங்கு அதிகமாக ஏறி இறங்குகிறது. நம்ம சூரியன் மட்டும் ஏன் இவ்வளவு சாது? பார்க்கும் கோணம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. மேலிருந்து பார்த்தால் புள்ளிகள் முன்னே வந்து மறையும் ஏற்ற இறக்கம் குறையத்தான் செய்யும்.

ஆதித்யா எல்1 அங்கதானே இருக்கு?

இருக்கு. செங்கோட்டைக்காரரான நிகர் ஷாஜி திட்ட இயக்குநராக இருந்த விண்கலம் அது. 2023 செப்டம்பர் 2-ல் கிளம்பி, 2024 ஜனவரி 6-ல் 15 லட்சம் கி.மீ. தொலைவில் உள்ள எல்1 பகுதியை அடைந்தது. அங்கே இரவு, கிரகணம் என்ற தடையே இல்லை. ஆனா அந்த இடம் பூமிக்கும் சூரியனுக்கும் நடுவே உள்ள கோட்டில்தான் வருது. நாம் பார்க்கும் அதே முகத்தைத்தான் அதுவும் பார்க்கும்.

வேறு பக்கம் போனது, ஐரோப்பாவும் நாசாவும் 2020-ல் அனுப்பிய சோலார் ஆர்பிட்டர். பூமியில் இருந்து அதிகபட்சம் 7 டிகிரி சாய்வில்தான் சூரியனைப் பார்க்க முடியும். இது 2025 மார்ச்சில் 17 டிகிரிக்குப் போய் தென் துருவத்தைப் படமெடுத்தது. 2029-ல் 33 டிகிரி வரை போவது திட்டம்.

பின்பக்கம் பார்ப்பதில் நேரடி லாபமும் உண்டு. 2024 மே மாதம் லடாக்கின் ஹான்லே வானத்தைச் சிவக்க வைத்த சூரியப் புயல் ஞாபகம் இருக்கா? அதைக் கிளப்பிய புள்ளிக் கூட்டம் நம் கண்ணில் இருந்து மறைந்த பிறகும், மறுபக்கத்தில் இருந்த சோலார் ஆர்பிட்டர் அதை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது.