மூக்குக் கட்டி மீண்டும் வளருமா? இழையம் தரும் விடை

மாணவர்களே! தீங்கற்ற கட்டி என்பது ஆபத்தே இல்லாத கட்டி என எழுதினால் புள்ளி கிடைக்காது. அது உடலின் வேறு பாகங்களுக்குப் பரவாது. ஆனால் அகற்றிய இடத்திலேயே மீண்டும் வளரலாம். மூக்குக் குழியிலும் அதைச் சூழ்ந்த என்புக் காற்றறைகளிலும் தோன்றும் தலைகீழ்ப் பப்பிலோமா இதற்கு நல்ல உதாரணம்.

1. இயல்பு
இக்கட்டியின் மேலணிக் கலங்கள் கீழுள்ள இழையத்தினுள் உள்நோக்கி மடிந்து வளரும். ஒரு பக்க மூக்கடைப்பு பிரதான அறிகுறி. கட்டி பற்றியிருந்த இடத்தில் சிறிதளவு எஞ்சினாலும் மீண்டும் வளரும். ஏறத்தாழ 100 பேரில் 5 முதல் 10 பேரில் புற்றுநோயும் காணப்படும்.

2. உயிர்க்குறிகாட்டிகள்
நோயின் போக்கை உணர்த்தும், அளந்தறியக்கூடிய பொருளே உயிர்க்குறிகாட்டி. வெட்டியெடுத்த இழையத்தை மெழுகிற் பதித்து மெல்லிய துண்டுகளாக்குவர். குறித்த புரதத்துடன் இணையும் பிறபொருளெதிரியை இட்டு நிறமூட்டினால், அப்புரதமுள்ள கலங்கள் நுணுக்குக்காட்டியில் கபில நிறமாகத் தெரியும்.

(அ) கி-67: பிரியும் கலங்களின் கருவிலுள்ள புரதம். 1983 இல் விவரிக்கப்பட்டது. ஜேர்மனியின் கீல் நகரால் பெயர் பெற்றது. பல கலங்களில் காணப்பட்டால் வளர்ச்சி வேகமானது.
(ஆ) பி53: கலப்பிரிவைக் கட்டுப்படுத்தும் புரதம். இது அசாதாரணமாகக் காணப்பட்டால் புற்றுநோய் மாற்றம் சந்தேகிக்கப்படும்.
(இ) ஈ.ஜி.எப்.ஆர். பரம்பரையலகு விகாரம்: இக்கட்டிகளிற் பெரும்பாலானவற்றில் இருப்பதை மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2015 இல் அறிவித்தனர். பெரும்பாலானவற்றில் இருப்பதாலேயே, எது மீளும் எனப் பிரித்தறிய அது மட்டும் போதாது.

3. நமது சூழலில்
இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் குளங்களிற் குளிப்போரிடம் காணப்படும் ரைனோஸ்போரிடியோசிஸ் நோயும் மூக்கினுள் சதை வளர்ச்சியாகத் தோன்றும்; வெட்டிய பின்னும் மீளலாம். ஆனால் அது தொற்று, கட்டியன்று. இழையத்தில் நுண்ணங்கியின் வித்திக்கலன்கள் தெரியும். கட்டுக்கரைக் குளம் போன்ற குளங்களை நம்பி வாழும் மன்னார் மாவட்டத்தவர் இவ்வேறுபாட்டை அறிதல் அவசியம்.

நினைவிற் கொள்க: எந்தக் குறிகாட்டியும் தனித்து முடிவு கூறாது. ஆய்வுகளின் முடிவுகளும் ஒன்றுபோல் இல்லை. கட்டியை முழுமையாக அகற்றுவதும் பல ஆண்டுகள் மீள்பரிசோதனைக்குச் செல்வதுமே பாதுகாப்பு. மூக்கடைப்பு நீங்கியதும், தூரத்தையும் பஸ் செலவையும் எண்ணிப் பரிசோதனையைக் கைவிட்டால், மீண்டும் வளரும் கட்டி கண்ணையும் மூளையையும் நெருங்கும்வரை தெரியாமற் போகலாம்.

மாதிரி வினா: அகற்றிய கட்டியை ஏன் ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும்?
விடை: (i) கட்டியா தொற்றா என அறிய. (ii) புற்றுநோய் மாற்றம் உண்டா என அறிய. (iii) மீள்பரிசோதனையைத் திட்டமிட.