கடற்கரைச் சங்கு சொன்ன ரகசியம்

சமையலறையில் எவர்சில்வர் தாம்பாளம் விழுகிறது. வீடே அதிர்கிறது. தொட்டிலில் கிடக்கும் குழந்தை மட்டும் அசையவில்லை. "அடடா, எவ்வளவு சாது!" என்று மெச்சிக் கொள்கிறோம். சாதுவாகவே இருக்கலாம். ஆனால், அந்தச் சத்தம் குழந்தைக்கு எட்டவே இல்லையென்றால்?

காது என்றதும் தோடு போடும் மடல்தான் நம் நினைவுக்கு வருகிறது. கேட்கிற காது உள்ளே, எலும்புக்குள் ஒளிந்திருக்கிறது. பட்டாணி அளவுதான்; நத்தை ஓட்டைப் போல இரண்டரைச் சுற்றுச் சுற்றியிருக்கும். டாக்டர்கள் அதைக் 'காக்ளியா' என்பார்கள். லத்தீனில் அதற்கு நத்தை ஓடு என்றே பொருள்.

அதற்குள்ளே திரவம். அதில் நுண்ணிய மயிரிழைகள் முளைத்த சுமார் 15,000 உயிரணுக்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலி வந்து மோதினால் திரவம் அலையாடுகிறது, இழைகள் சாய்கின்றன, மின் துடிப்பு பிறக்கிறது. அதை மூளைக்குக் கொண்டு போவதுதான் செவி நரம்பு. சுமார் 30,000 மெல்லிய இழைகளைத் திரித்த கயிறு அது! இதிலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது, பாருங்கள். தார ஸ்தாயி ஒலிகளுக்கு வாயில் பக்கம். மந்தர ஸ்தாயி ஒலிகளுக்கு உள் நுனி. ஹார்மோனியக் கட்டைகளைச் சுருட்டி வைத்தாற்போல!

இந்த உயிரணுக்கள் அழிந்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. பிறவிக் குறை, மூளை உறைக் காய்ச்சல், சில மருந்துகள், ஓயாத இரைச்சல் எல்லாம் அவற்றுக்குப் பகை. கொஞ்சம் மீந்திருந்தால், ஒலியைப் பெருக்கும் காது மிஷின் நன்றாகவே உதவும். அடியோடு போய்விட்டால்? திரியே இல்லாத விளக்கில் எண்ணெயை ஊற்றி என்ன பயன்?

ஆனால், உயிரணுக்கள் போன பிறகும் பலருக்கு நரம்பு உயிரோடுதான் இருக்கிறது. தபால்காரர் தயாராக நிற்கிறார். கடிதம் எழுதத்தான் ஆளில்லை! அந்தக் கடிதத்தை நாமே எழுதிக் கொடுத்தால் என்ன?

1957-ல் பாரிஸில் ஜூர்னோ, எரியே என்ற இருவர் இதை முயன்றார்கள். செவிடான ஒருவரின் நரம்பில் மின்சாரம் செலுத்தியபோது அவருக்கு ஒலியின் தாளம் புலப்பட்டது. பேச்சுத்தான் பிடிபடவில்லை.

அடுத்த கதை ஆஸ்திரேலியாவில். டாக்டர் கிரேம் கிளார்க்கின் தந்தைக்கு மருந்துக் கடை, காதும் மந்தம். வாடிக்கைக்காரர் மெதுவாகச் சொன்னது கேட்காமல் அப்பா தவிப்பதைப் பார்த்து வளர்ந்தவர் மகன். நரம்புக்கு மின்சாரம் தரும் மெல்லிய கம்பியை, அந்தச் சுருளுக்குள் சேதமில்லாமல் எப்படி நுழைப்பது? இதுதான் அவரைக் குழப்பிய புதிர். 1977-ல் கடற்கரைக்குப் போனவர், சங்கு ஒன்றை எடுத்து, அதற்குள் புல்லை நுழைத்துப் பார்த்தார். அடி விறைப்பாகவும் நுனி துவள்வதாகவும் இருந்த புல், வளைந்து வளைந்து உள்ளே போய்விட்டது! கம்பியையும் அப்படியே செய்தார்.

1978 ஆகஸ்டு 1-ந் தேதி மெல்போர்னில் ஆபரேஷன் நடந்தது. விபத்தில் செவிப்புலனை இழந்தவருக்குக் கருவியைப் பொருத்தினார். பிறகு அதன் வழியே தேசிய கீதத்தை இசைத்தபோது, மனிதர் சட்டென்று எழுந்து விறைப்பாக நின்றாராம்!

இன்று காதுக்குப் பின்னால் ஒரு சிறு மைக், தலைத் தோலின் மேல் காந்தத்தால் ஒட்டும் வில்லை, உள்ளே மின்முனைகள். கிளார்க்கின் வழி வந்த கருவியில் அவை 22. ஆனால் பொருத்திய மறுநாளே குழந்தை "அம்மா" என்று கூப்பிடாது. புதிய ஒலிகளுக்கு அர்த்தம் கற்க மாதங்கள், சில சமயம் வருஷங்கள் ஆகும். பயிற்சியாளரோடு, வீட்டில் விடாமல் பேசும் தாயும் ஆசிரியைதான்.

நரம்பே இல்லாவிட்டால் இந்தக் கருவி பயன்படாது. மூளைத் தண்டில் பொருத்தும் கருவி உண்டு. பலன் பொதுவாகக் குறைவு. சைகை மொழி என்றும் உண்டு. அதுவும் இலக்கணமுள்ள முழுமையான மொழியே.

எல்லாவற்றிலும் முக்கியம் காலம். சிறு வயதில் ஒலி எட்டாவிட்டால், கேட்பதற்கென்று மூளை வைத்திருக்கும் இடம் வேறு வேலைக்குப் போய்விடுகிறது. ஆகவே பிறந்து ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் உதவி என்கிறார்கள் நிபுணர்கள். பரிசோதனையில் வலி கிடையாது. குழந்தை தூங்கும்போதே செய்துவிடலாம். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்தின் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஆபரேஷனுக்கு வழி இருக்கிறது.

"இவன் மாமாகூட மூன்று வயதில்தான் பேசினான்" என்று பெரியவர்கள் சமாதானம் சொல்வார்கள். அன்பினால் சொல்வதுதான். இருந்தாலும், பெற்றவள் மனத்தில் எழும் சந்தேகத்தை அடக்கிவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். ஒன்றுமில்லை என்றால் பாயசம் வைத்துக் கொண்டாடுங்கள். ஏதாவது இருந்தால், நல்ல வேளை, நேரத்தோடு போனீர்கள்!