ட்ராக்கிங்குக்குத் தனிக் காசு உண்டா?

கார்டு, கவர், மணியார்டர் என்று இருந்த காலத்தில் தபால் விஷயத்தில் நமக்குக் குழப்பம் அதிகம் கிடையாது. ஒட்டிய தபால்தலைதான் கட்டணம். இப்போதோ ரசீதில் நாலைந்து வரி இருக்கிறது. போதாததற்குக் கைப்பேசியிலும் காசு கேட்டுச் செய்தி வருகிறது. எதைக் கட்ட வேண்டும், எதைக் கட்டக்கூடாது என்று எங்கள் பர்கூரில் என்னிடம் கேட்காத பெண்கள் குறைவு. நான் தபால் இலாகா ஆள் இல்லை. ஆனால் எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகு, இதை விசாரித்துத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

அவளுக்குத் தலைப்பிரசவம் பெங்களூரில், தாய் வீட்டில். குழந்தைக்கு இப்போது மூன்று வயது. பள்ளியில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றதும், அவள் தம்பி அங்கிருந்து அதை ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, ரசீதையும் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டான். மறுநாளே அவள் கைப்பேசிக்கு ஒரு செய்தி. பார்சல் கிடங்குக்கு வந்துவிட்டது, முகவரி முழுமையாக இல்லை, 12 மணி நேரத்துக்குள் ட்ராக்கிங் கட்டணம் 25 ரூபாய் செலுத்தவும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பப்படும் என்று ஒரு லிங்க்கோடு வந்தது.

இதை அவள் நம்பியதற்கு ஒரு காரணம் உண்டு, வெளியூர்க்காரர்களுக்கு அது தெரியாது. பர்கூர் என்று தமிழ்நாட்டில் இரண்டு ஊர். ஜவுளிக்கடைகள் நிறைந்த எங்கள் பர்கூர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கிறது. இன்னொன்று ஈரோடு மாவட்டத்தில், அந்தியூரைத் தாண்டி மலைமேல். பின்கோடு சரியாக எழுதாவிட்டால் கடிதம் மலை ஏறிவிடும் என்று இங்கே எல்லோரும் சொல்வார்கள். "தம்பி 635104 போட மறந்துட்டான் போலிருக்குக்கா, அதான் பார்சல் நின்னுடுச்சுன்னு நெனச்சேன்" என்றாள் பாவம்.

25 ரூபாய்தானே என்று லிங்க்கைத் தொட்டிருக்கிறாள். அது வங்கி அட்டையின் எண்ணைக் கேட்டது, பின்பக்கத்து மூன்று இலக்கத்தைக் கேட்டது, பிறகு ஓ.டி.பி. கேட்டது. கொடுத்தாள். குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்கென்று வைத்திருந்த 18,000 ரூபாய் போய்விட்டது.

அழுதுகொண்டே என்னிடம் ஓடி வந்தாள். முதல் வேலையாக 1930-ஐக் கூப்பிடச் சொன்னேன். சைபர் மோசடிக்கென்று நாடு முழுவதற்கும் இருக்கிற எண் அது. பணம் கை மாறிப் போவதற்குள் சொன்னால் அங்கேயே நிறுத்தி வைக்க முயல்வார்கள், அதனால் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. பிறகு வங்கிக்குச் சொல்லி அட்டையை நிறுத்தினோம். ஒரு பகுதி நிறுத்தி வைக்கப்பட்டது. மீதி இன்னும் வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் தபால்காரர் வந்து கதவைத் தட்டினார். கையெழுத்து வாங்கிக்கொண்டு கவரைக் கொடுத்தார். ஒரு பைசா கேட்கவில்லை. உறையில் பின்கோடு அச்சுப்போல் தெளிவாக இருந்தது!

அன்று மத்தியானமே இருவரும் ரசீதின் படத்தை எடுத்துக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போனோம். "சார், இதுல ட்ராக்கிங் காசு எங்க இருக்கு?" என்று கேட்டேன். கவுன்ட்டரில் இருந்தவர் பொறுமையாகவே விளக்கினார். "அதுக்குன்னு தனியா வரி தேடாதீங்கம்மா. ஸ்பீடு போஸ்ட் காசுலயே அது சேர்ந்திருக்கு. அனுப்பறவங்க முதல்லயே கட்டிடறாங்க. வாங்கறவங்க கட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல."

1986 ஆகஸ்ட் 1-இல் தொடங்கிய ஸ்பீடு போஸ்ட்டுக்கு, 2025 அக்டோபர் 1 முதல் புதிய கட்டணம். வெளியூருக்கு 50 கிராம் வரையுள்ள கவர் என்றால் 47 ரூபாய், உள்ளூருக்குள் 19 ரூபாய். இதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ரசீதில் ரிஜிஸ்ட்ரேஷன் என்று 5 ரூபாய் இருந்ததே, அதுதான் இவளைக் குழப்பிய வரி. "அதுக்கே தனிக் காசு இருக்கும்போது ட்ராக்கிங்குக்கும் இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். பழைய ரிஜிஸ்டர் தபாலை 2025-இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள். உரியவர் கையிலோ அவர் அதிகாரம் கொடுத்தவர் கையிலோ மட்டும் கொடுக்க வேண்டும் என்றால் இந்த 5 ரூபாயைக் கூடுதலாகக் கட்ட வேண்டும், அவ்வளவே. அதற்கும் வரி உண்டு. 47-ம் 5-ம் வரியுமாகத் தம்பி கட்டியது 61 ரூபாய் சொச்சம்.

ஓ.டி.பி. சொல்லி வாங்கும் வசதியும் இப்போது வந்திருக்கிறது. அதற்கும் அனுப்புகிறவரே 5 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறார். இதில்தான் நம் பெண்கள் மறுபடி தடுமாறுகிறார்கள். ஓ.டி.பி.யை யாருக்கும் சொல்லாதே என்று வங்கி சொல்கிறது, தபால்காரரோ கேட்கிறாரே என்று. வாசலில் நின்று, உங்கள் பெயர் எழுதிய கவரைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், அந்தக் கவருக்காக வந்த எண்ணைத்தான் சொல்லப் போகிறீர்கள். போனில் கேட்டாலோ, லிங்க்கில் கேட்டாலோ சொல்லவே கூடாது.

தபால் இலாகாவிலிருந்தும் உண்மையாகவே செய்தி வருவதுண்டு. கவர் கிளம்பிவிட்டது, இன்று வரும் என்பது போலச் சொல்லும், காசு கேட்காது. முகவரி சரியில்லை என்று லிங்க் அனுப்பும் செய்தி பொய் என்று, 2024-லேயே மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகத்தின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு எச்சரித்திருந்தது. அந்த எச்சரிக்கை அடுப்படி வரைக்கும் வந்து சேர வேண்டாமா?

அதற்காக வாசலில் காசு கேட்டாலே மோசடி என்று தபால்காரரை விரட்டிவிடாதீர்கள். வெளிநாட்டுப் பார்சலுக்குச் சுங்க வரி இருக்கலாம். வி.பி.பி.யில் பொருள் வரவழைத்திருந்தால் அதன் விலையைக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். எதற்கு எவ்வளவு என்று கேட்டு, ரசீது வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

கவர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டுமானால் ரசீதிலுள்ள 13 இடத்து எண் போதும். முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் 'ஐ', 'என்' என்று இந்தியாவின் அடையாளம். உலக நாடுகளின் தபால் துறைகள் எல்லாம் கூடி வகுத்துக்கொண்ட முறை இது. ஒன்பதாவது இலக்கம் சரிபார்ப்பதற்கென்றே வைத்தது. இலாகாவின் இணையதளத்தை நீங்களே திறந்து இந்த எண்ணைப் போடுங்கள், வந்த லிங்க்கைத் தொட வேண்டாம். இணையம் பழக்கமில்லாதவர்கள் 1800 266 6868-க்குப் போன் செய்து கேட்கலாம், அதற்குக் காசு கிடையாது. தபால்தலை ஒட்டிப் பெட்டியில் போட்ட சாதாரணக் கடிதத்துக்கு மட்டும் இந்த வசதி இல்லை. புத்தகம் அனுப்புகிறவர்களுக்கு 2025 மே 1 முதல் ஞான் போஸ்ட் என்று ஒன்று வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், அதற்கும் ட்ராக்கிங் உண்டு.

இன்னொன்று. ரசீதுக் காகிதத்தில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடுகிறது. என் மாமியார் பால் கணக்கு எழுதுகிற தினசரி காலண்டரிலேயே அந்த எண்ணையும் எழுதி வைத்துவிடுகிறேன். கவர் போய்ச் சேர்ந்ததும் அந்தத் தாளைக் கிழித்துவிடலாம்.