கயிற்றைப் பிடித்தவரே பொறுப்பு

ஹாலோவீனை ஒட்டி அக்டோபர் மாதத்தில் நியூயார்க்கின் டாம்ப்கின்ஸ் சதுக்கத்தில் நாய்களுக்கு மாறுவேடப் போட்டி நடக்கும். 1990களின் தொடக்கத்தில் அக்கம்பக்கத்தார் கூடி நடத்திய சிறு விழா, பின்னர் ஊரே திரளும் ஊர்வலமாகிவிட்டது. 2018-இல் காப்பீட்டுச் சிக்கலால் அது நின்றுபோகும் நிலைக்கே வந்தது. விழா நடத்துபவருக்குக் காப்பீடு வேண்டும் என்பது எல்லோருக்கும் புரிகிறது. கழுத்துப்பட்டையில் கோத்த கயிற்றைக் கையில் பிடித்திருப்பவருக்குத் தனியே ஒரு பொறுப்பு உண்டு என்பதுதான் வாள் சண்டைக்காரராகவும் தேனீயாகவும் நாய்கள் நடந்துவரும் கோலாகலத்தில் மறந்துபோகிறது.

"எங்கள் நாய் இதுவரை யாரையும் கடித்ததில்லை" என்பது வழக்கமான பதில். நெடுங்காலம் நியூயார்க் மாநிலத்தில் இந்தப் பதில் சட்டத்திலும் செல்லுபடியானது. வளர்ப்புப் பிராணிக்குத் தாக்கும் சுபாவம் உண்டென்று உரிமையாளருக்கு முன்பே தெரிந்திருந்தால்தான் நட்டஈடு. வெறும் கவனக்குறைவு போதாது என்று மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006-இல் உறுதிசெய்தது. (அந்த வழக்கில் முட்டியது நாயல்ல, பால்பண்ணைக் காளை!) 2025 ஏப்ரலில், பொட்டலம் கொடுக்கப் போய்க் கடிபட்ட தபால் ஊழியரின் வழக்கில் அதே நீதிமன்றம் அந்த நிலைப்பாட்டைக் கைவிட்டது. நாயின் முன்கதை தெரிந்திருந்தால் பொறுப்பு என்பது அப்படியே இருக்கிறது. அதோடு, உரிமையாளரின் கவனக்குறைவை மட்டும் காட்டியும் இனி வழக்குத் தொடரலாம். கலிஃபோர்னியாவிலோ பொது இடத்தில் நாய் கடித்தால் முதல் கடிக்கே உரிமையாளர் பொறுப்பு.

இந்த மாற்றம் ஊர்வலத்துக்கு நேராகப் பொருந்துகிறது. நாய்கள் காதாலும் வாலாலும் முதுகு மயிராலும் பேசிக்கொள்பவை. முகமூடி காதை மூடி, பாவாடை வாலை மறைத்துவிட்டால், எதிரே வரும் நாய்க்கு இது நட்பா பகையா என்று தெரியாது. பார்வை, மூச்சு, நடை, குரைப்பு எதையும் வேடம் தடுக்கக் கூடாது என்பது விலங்குநல அமைப்புகளின் பழைய அறிவுரைதான். நெரிசலில் அதை மீறியவரிடம் "இது தெரிந்திருக்க வேண்டாமா?" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இனி கேட்கலாம். நகர விதிப்படி பொது இடத்தில் கயிறு ஆறடிக்கு மேல் இருக்கக் கூடாது. இழுக்க இழுக்க நீளும் கயிறு அங்கே ஆகாது. நாய்க்கு இதெல்லாம் பிடிக்கும் என்பாரும் உண்டு. சிலவற்றுக்குப் பிடிக்கவும் செய்யலாம். ஆனால் உதட்டை நக்குவது, கொட்டாவி, வாலை ஒடுக்குவது ஆகியவை மிரட்சியின் அறிகுறிகள். மேடையில் வித்தை காட்டும்போது இவற்றையே கண்டு கூட்டம் சிரிக்கிறது.

நுழைவுப் படிவத்தில் "எதற்கும் நாங்கள் பொறுப்பல்ல" என்று ஒரு வரி இருக்கும். கையெழுத்துப் போட்டவரை அது கட்டுப்படுத்தலாம். வேடிக்கை பார்க்க வந்து கடிபட்டவரைக் கட்டுப்படுத்தாது. கட்டணம் வாங்கும் பொழுதுபோக்கு இடங்கள் தங்கள் கவனக்குறைவுக்கு இப்படி விலக்குக் கேட்பதை நியூயார்க் சட்டம் செல்லாததாக்குகிறது. கடிபட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். உரிமையாளரின் விவரத்தையும் வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றையும் அங்கேயே வாங்கி, சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். கடித்த நாயைப் பத்து நாள் கண்காணிப்பது வழக்கம். வழக்குத் தொடர மூன்றாண்டு அவகாசம் உண்டு. தவறு மாநகராட்சியுடையது என்றால் 90 நாளுக்குள் அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். உரிமையாளரின் வீட்டுக் காப்பீடே நாய்க்கடிக்கும் பணம் தருவதுண்டு, அதையும் கேளுங்கள்.

அடிபட்டது உங்கள் நாயென்றால் நிலைமை வேறு. அங்கே சட்டம் இன்னும் பெரும்பாலும் அதை உடைமையாகவே பார்க்கிறது. பாசத்துக்கு விலை கிடைப்பது அரிது. கால்நடை மருத்துவச் செலவின் ரசீதுகளைப் பத்திரப்படுத்தினால், 10,000 டாலர் வரையான கோரிக்கைக்கு நகரின் சிறு வழக்கு நீதிமன்றத்தை வழக்கறிஞர் இல்லாமலே அணுகலாம்.