கேரியரில் ஒரு கூடாரம்

சைக்கிளில் கூடாரத்தைக் கட்டிக்கொண்டு கிளம்பி, பொழுது சாயும் இடத்தில் அதை விரித்துப் படுத்து, விடிந்ததும் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போகும் பழக்கத்துக்குப் பிதாமகர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், அவர் ஒரு தையற்காரர். தாமஸ் ஹிராம் ஹோல்டிங் என்று பெயர். லண்டனில் தொழில். 1897-ல் ஒரு சிறு குழுவோடு அயர்லாந்தின் மேற்கு ஓரத்தில் உள்ள கானமாராவுக்கு சைக்கிளில் போய் முகாமிட்டுத் திரும்பினார். மறு வருடம் அந்தப் பயணத்தைப் புத்தகமாகப் போட்டு, இதில் விருப்பமுள்ளவர்கள் தமக்கு எழுதலாம் என்று அழைப்பும் விடுத்தார். எழுதினார்கள். 1901-ல் சைக்கிள் முகாமாளர் சங்கம் உருவானது. அவ்வருடம் ஆகஸ்டில் வாண்டேஜ் என்ற ஊரில் நடந்த முதல் முகாமுக்கு வந்தவர்கள் 13 பேர். அந்தச் சங்கம்தான் வளர்ந்து, கிளைத்து, இன்று பிரிட்டனின் பெரிய முகாம் மன்றமாக இருக்கிறது. 1909-ல் அதன் தலைவராக இருந்தவர் தென்துருவப் பயணி ராபர்ட் ஸ்காட்.

ஹோல்டிங் தையற்காரராக இருந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அந்தக் காலத்துக் கூடாரம் என்பது கித்தான் துணி, மரக்கம்பம், இரும்பு முளை எல்லாம் சேர்ந்து ஒரு வண்டிச் சுமை. அதைச் சைக்கிளில் ஏற்ற முடியாது. துணியை விரலால் தொட்டே எடை சொல்லும் தொழிலில் இருப்பவருக்குத்தான், எங்கே மெல்லிய பட்டைப் போடலாம், எந்த மூலையில் இரட்டைத் தையல் வேண்டும் என்று பிடிபடும். 1892-ல் சுவீடனில் பிறந்த பிரைமஸ் மண்ணெண்ணெய் அடுப்பும் நல்ல நேரத்தில் வந்து சேர்ந்தது. விறகு தேடாமல், புகையில்லாமல் வழியில் தேநீர் போடலாம் என்றானது.

சைக்கிளும் அதற்குச் சற்று முன்னால்தான் சுமை ஏற்றும் வடிவத்துக்கு வந்திருந்தது. 1884-ல் சான்பிரான்சிஸ்கோவில் கிளம்பி உலகைச் சுற்றிய தாமஸ் ஸ்டீவன்ஸ் ஓட்டியது, முன்னால் பெரிய சக்கரமும் பின்னால் குட்டிச் சக்கரமும் கொண்ட பழைய ரகம். அதில் சாமான் வைக்க இடமே கிடையாது. ஓட்டுபவர் பெரிய சக்கரத்தின் உச்சியில் உட்கார்ந்திருப்பார். முன்பக்கம் கொஞ்சம் பாரம் கூடினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். ஸ்டீவன்ஸ் கொண்டுபோனது ஒரு மாற்றுச் சட்டை, காலுறைகள், கைத்துப்பாக்கி, கூடாரமாகவும் பயன்பட்ட ஒரு மழைக்கோட்டு. இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவில் அமைந்து, செயினால் பின்சக்கரத்தை ஓட்டும் ரோவர் சைக்கிள் 1885-லும், காற்றடைத்த டன்லப் டயர் 1888-லும் வந்த பிறகுதான் சக்கரத்தின் இருபுறமும் பை தொங்கவிடலாம் என்ற யோசனைக்கே இடம் கிடைத்தது.

இன்று முகாம் பயணத்துக்கென்றே செய்யப்படும் சைக்கிளைப் பந்தய சைக்கிளின் பக்கத்தில் நிறுத்தினால் முதலில் கண்ணில் படுவது நீளம். பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரை பந்தய வண்டியில் 41 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். பயண வண்டியில் 45 வரை போகும். இந்த நாலு சென்டிமீட்டர் எதற்கு? பெடலை மிதிக்கும்போது குதிகால் பின்னால் தொங்கும் பையில் இடிக்காமல் இருப்பதற்கு. நீளம் குறைந்த வண்டியில் பையைத் தொங்கவிட்டு ஓட்டிப் பாருங்கள், ஒவ்வொரு மிதிக்கும் ஒரு தட்டு விழும். பத்தாவது கிலோமீட்டரில் பையைத் தூக்கி எறியத் தோன்றும்.

பிறகு பின்சக்கரம். பஞ்சர் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை, கால்மணி நேர வேலை. சுமை வண்டியில் பயப்பட வேண்டியது ஸ்போக்ஸ் கம்பிக்குத்தான். பின்சக்கரத்தின் வலப்பக்கம் பல்சக்கர அடுக்கு உட்கார்ந்திருப்பதால், அந்தப் பக்கத்துக் கம்பிகள் சாய்வின்றி நிமிர்ந்து நிற்கும். இடப்பக்கத்தைவிட இறுக்கமாகவும் முறுக்கப்பட்டிருக்கும். சக்கரம் ஒருமுறை சுற்றும்போது ஒவ்வொரு கம்பியும் தரைப்பக்கம் வருகையில் சற்றுத் தளர்ந்து, மேலே போனதும் மறுபடி இறுகும். லட்சக்கணக்கான தளர்ச்சி, இறுக்கம். பாரம் கூடக் கூட இந்த ஏற்ற இறக்கமும் கூடும். கடைசியில் ஹப்புக்குப் பக்கத்தில், கம்பி வளையும் இடத்தில், ‘டிங்’ என்று அறுந்துபோகும். ஒரு கம்பி போனதும் ரிம் ஒருபக்கம் இழுபட்டு பிரேக் கட்டையில் உரசத் தொடங்கும். வலப்பக்கக் கம்பி என்றால் பல்சக்கரத்தைக் கழற்றாமல் புதியதைக் கோக்கவும் முடியாது. அதற்குத் தனிச் சாவி வேண்டும். ஆகவேதான் பந்தய வண்டியில் 20, 24 கம்பி போதுமென்றால் பயண வண்டிக்கு 36 போடுகிறார்கள். தெரிந்தவர்கள் அதே நீளத்தில் இரண்டு மூன்று கம்பிகளைச் சட்டத்தோடு டேப் போட்டு ஒட்டி வைத்திருப்பார்கள். கிளம்புவதற்கு முன் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்துச் சக்கரத்தைக் கோட்டம் எடுத்துக்கொண்டால் பாதி வினை அங்கேயே தீர்ந்துவிடும். புதிய கூடாரம் வாங்கும் காசில் பத்தில் ஒரு பங்கு இதற்கு ஆகாது. ஆனாலும் ஆட்கள் கூடாரத்தைத்தான் முதலில் வாங்குகிறார்கள்.

பாரத்தை எங்கே வைப்பது என்பது நம்மூர்ப் பால்காரருக்குத் தெரியாத வித்தை அல்ல. கேன்களைக் கேரியரின் மேலே அடுக்காமல் இருபுறமும் சக்கர அச்சுக்குப் பக்கமாகத் தாழத் தொங்கவிட்டிருப்பார். பயணிகளின் பக்கப்பையும் அதே கணக்குதான். மேலே கட்டிய மூட்டை, எழுந்து நின்று மிதிக்கும்போது வண்டியை இழுத்து ஆட்டும். இறக்கத்தில் வேகம் பிடித்தால் சட்டமே நடுங்க ஆரம்பிக்கும். முழுப் பாரத்தையும் பின்னால் போட்டாலும் இதே கதைதான், முன்சக்கரம் லேசாகி ஹாண்டில்பார் சொன்னபடி கேட்காது. 1975-ல் கலிபோர்னியாவில் அலுமினியக் கேரியர் செய்யத் தொடங்கிய ஜிம் பிளாக்பர்னின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது, முன்சக்கரத்தின் இருபக்கமும் அச்சு மட்டத்தில் பை மாட்டும் தாழ்வான கேரியர். அதில் சாமான் போட்டு ஓட்டினால் திருப்பம் கொஞ்சம் கனமாக இருக்கும். ஆனால் வண்டி கோடு போட்ட மாதிரி போகும். தண்ணீர், அரிசி, கருவிகள் போன்ற கனமானவை பையின் அடியில். தூங்குபை, துணிமணி மேலே.

சுமை என்றால் எவ்வளவு உழைப்பு? பலரும் மிகையாகப் பயப்படுவது இதற்குத்தான். 15 கிலோ சாமானோடு 500 மீட்டர் உயரமுள்ள ஒரு மேட்டை ஏறுகிறீர்கள் என்று வையுங்கள். அந்தச் சாமானை மேலே தூக்க ஆகும் ஆற்றல் சுமார் 73,500 ஜூல். அதாவது 17, 18 கிலோகலோரி. தின்றதில் நாலில் ஒரு பங்கைத்தான் தசை வேலையாக மாற்றும் என்பதால், உடம்பு செலவழிப்பது 70 கிலோகலோரிக்குச் சற்று மேல். ஒரு வாழைப்பழத்துக்குக்கூடக் காணாது! சமதளத்திலோ காற்றுத்தான் எதிரி, எடை அல்ல. பின்னே ஏன் மேட்டில் நாக்குத் தள்ளுகிறது? கால் தரும் திறன் அதேதான். பாரம் கூடினால் வேகம் குறையும். பல்சக்கரம் அதற்கேற்ப இறங்காவிட்டால் பெடல் சுற்றுவது மந்தமாகி ஒவ்வொரு மிதியும் முட்டியைத் தாக்கும். தெருவில் ஓடும் சாதாரண சைக்கிள் ஒரு மிதிச் சுற்றுக்கு 5 மீட்டர் அளவில் நகரும். பயண வண்டியில் முன்னால் 22 பல், பின்னால் 34 பல் வைத்தால் ஒரு சுற்றுக்கு 1.4 மீட்டர்கூட நகராது. மணிக்கு ஐந்தாறு கிலோமீட்டர் வேகம். நடந்து வருபவர் கூடவே பேசிக்கொண்டு வரலாம். ஆனால் மூச்சும் முட்டியும் பிழைக்கும்.

கூட்டமாகப் போவதன் லாபம் இங்கேதான் தெரிகிறது. நாலு பேர் தனித்தனியே போனால் நாலு அடுப்பு, நாலு பம்பு, நாலு செயின் கருவி. சேர்ந்து போனால் ஒவ்வொன்று போதும். காற்றும் பங்காகும்: மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போனால் உழைப்பில் கால்பங்கு வரை மிச்சம். ஆளுக்குச் சில நிமிடம் என்று முறை வைத்து முன்னால் போவார்கள். அமெரிக்கா 200-வது ஆண்டைக் கொண்டாடிய 1976-ல் பைக்சென்டென்னியல் என்ற பெயரில் பசிபிக் கரையின் ஆரிகனிலிருந்து அட்லாண்டிக் பக்கத்து வர்ஜீனியாவரை ஏறக்குறைய 6,800 கிலோமீட்டர் பாதை அமைத்தபோது, நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் ஓட்டினார்கள். பலர் முழுப்பாதையும் போனார்கள். பெரும்பாலும் சிறு சிறு குழுக்களாகத்தான்.

பங்கு போடுவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எடையைச் சமமாக்குகிறேன் என்று கூடாரத் துணியை ஒருவர் பையிலும் கம்பியை இன்னொருவர் பையிலும் போட்டுவிட்டு, நடுவழியில் ஒருவர் பின்தங்கிவிட்டால் இரண்டு பேரும் மழையில் நிற்க வேண்டியதுதான். சமையல் சாமானைப் பிரிக்கலாம். படுக்கையைப் பிரிக்கக் கூடாது. டியூப் அளவும் வால்வும் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் நல்லது. அடுப்பு யாரிடம் இருக்கிறதோ அவர் வேகமாக ஓட்டுபவராக இருப்பது மேல்: மற்றவர்கள் வந்து சேரும்போது தண்ணீர் கொதித்திருக்கும்.

பங்கு போடும் இந்தத் தத்துவத்தைக் கடைசி எல்லைவரை இழுத்துச் சென்றது அமெரிக்காவின் அயோவா மாநிலம். 1973-ல் டிமாயின் ரெஜிஸ்டர் பத்திரிகையின் ஜான் கராஸும் டொனால்ட் காலும், மாநிலத்தை மேற்கிலிருந்து கிழக்காக சைக்கிளில் கடந்து எழுதுவது என்று முடிவு செய்து, விருப்பமுள்ள வாசகர்களும் வரலாம் என்று அறிவித்தார்கள். சூ சிட்டியில் சுமார் 300 பேர் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் 83 வயது கிளாரன்ஸ் பிக்கார்ட். பெண்கள் ஓட்டும் ரகத்தில் ஒரு பழைய ஷ்வின் சைக்கிள், ஆகஸ்ட் வெயிலில் நீளமான கம்பளி உள்ளாடை, முழுக்கைச் சட்டை, தலையில் வெள்ளைக்காரத் துரைகளின் சோலா தொப்பி. கடைசி ஊரான டேவன்போர்ட் வரை அவர் ஓட்டி முடித்தார். மேல்நாட்டு விளையாட்டுத் துணிக் கடைகளுக்கு அவரால் ஒரு லாபமும் இல்லை.

ராக்பிரை என்ற பெயரில் அது இன்றுவரை ஆண்டுதோறும் நடக்கிறது. கொரோனா வந்த 2020-ல் மட்டும் இல்லை. பாதை வருடத்துக்கு வருடம் மாறும். ஜூலைக் கடைசியில் ஏழு நாள், சராசரியாக 750 கிலோமீட்டர், பல்லாயிரம் பேர். இங்கே கூடாரமும் துணிப்பையும் லாரியில் போய்விடும். ஓட்டுபவரிடம் தண்ணீர்க் குப்பியும் மாற்று டியூபும்தான். பூங்கா, பள்ளி மைதானம், வீட்டு முன்புறப் புல்வெளி எல்லாம் கூடாரமாகிவிடும். தேவாலயப் பெண்கள் பழ அடை சுட்டு விற்பார்கள். சிற்றூர்களுக்கு அந்த ஒரு நாள் திருவிழா.

எந்தெந்த ஊரில் இரவுத் தங்கல் என்பது ஜனவரியிலேயே அறிவிக்கப்படும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும் மாதம். அப்போதே வீட்டுக்குள் நிறுத்தி ஓட்டும் சாதனத்தில் பயிற்சி தொடங்கிவிடுகிறார்கள். கால் சீக்கிரம் தேறிவிடும். தேறாதது உட்காரும் எலும்பும் அதன் மேலுள்ள தோலும்தான். ஒரே நாளில் 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் பெருமைப்படுவதைவிட, அடுத்தடுத்த இரண்டு நாள் 60, 60 ஓட்டிப் பார்ப்பது பயனுள்ள ஒத்திகை. இரண்டாம் நாள் காலை சீட்டில் உட்காரும் அந்த முதல் நிமிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஓட்டத்துக்கான பஞ்சு வைத்த கால்சட்டைக்குள் உள்ளாடை போடக் கூடாது என்பதையும் அப்போதே கற்றுக்கொள்ளலாம்.

கூட்டத்தில் ஓட்டுவதற்குத் தனி ஒழுங்கு வேண்டும். பாதையில் சேரும்போதும் விலகும்போதும் உரக்கச் சொல்ல வேண்டும். எதிரே கார் வந்தால் முன்னால் இருப்பவர் கத்த, அது வாய்வழியாகப் பின்னால் கடைசி ஆள் வரை ஓடும்.

இரவில் வேறு பாடம். அயோவா என்றால் மக்காச்சோளம். ஒரு ஏக்கர் மக்காச்சோளம் நாளொன்றுக்கு 11,000 முதல் 15,000 லிட்டர் வரை நீரை இலை வழியே ஆவியாக விடும். அந்த ஈரம் காற்றில் நிற்கிறது. மேகமில்லாத இரவில் கூடாரத்தின் மேல்துணி வானத்தை நோக்கி வெப்பத்தை விட்டுவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். வெளியே பனி படியும். உள்ளே தூங்குபவரின் மூச்சு ஈரமும் அதில் சேர்ந்து முத்து முத்தாகத் தொங்கும். விடிகாலையில் தோள் பட்டால் சட்டையெல்லாம் நனையும். மழை பெய்ததோ, துணி ஒழுகுகிறதோ என்று புதியவர்கள் கடையைத் திட்டுவார்கள். நல்ல கூடாரம் இரட்டைத் துணியாக இருப்பது இதற்காகத்தான்: உள்ளே வலைத்துணி, வெளியே நீர் புகாத துணி, இடையில் காற்று நடமாடக் கொஞ்சம் இடைவெளி. கதவின் மேல்பகுதியைக் கொஞ்சம் திறந்து வைத்தால் இன்னும் நல்லது. ஈரத்தோடு சுருட்டிய கூடாரம் எடையும் கூடும், இரண்டே நாளில் பூஞ்சை வாடையும் வரும். சாமானைத் தாமே சுமந்து போகும் குழுக்கள் மதியச் சாப்பாட்டு இடைவேளையில் அதை வேலியில் விரித்துவிடுகிறார்கள். அரைமணி நேர வெயிலில் காய்ந்துவிடும். லாரியில் போட்டுவிட்டவருக்கு அந்த வசதி இல்லை, மாலைவரை ஈரமூட்டைதான். லாரி ஏற்பாட்டைவிட நாலு பையும் ஓர் அடுப்புமாகப் போவதே மேல் என்று நான் நினைப்பதற்கு இது ஒரு சின்னக் காரணம். பெரிய காரணம், லாரி போகாத பாதையிலும் போகலாம் என்பது.

ராக்பிரையில் ஒரு சடங்கு உண்டு. கிளம்பும்போது பின்சக்கரத்தை மிசூரி ஆற்றிலும், முடிக்கும்போது முன்சக்கரத்தை மிசிசிப்பியிலும் நனைக்க வேண்டும். ஹோல்டிங் ஒன்பது வயதுப் பையனாக, 1853-ல், மேற்கே குடியேறப் போன 300 பேரோடு ஐந்து வாரம் முகாமிட்டிருந்தது இதே மிசிசிப்பியின் கரையில்தான். சடங்கை டயரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ஹப் முங்கும் அளவுக்குச் சக்கரத்தை இறக்கினால் வண்டல் உள்ளே போய் கிரீஸோடு கலந்து பேரிங்கை அரைத்துவிடும். வீட்டுக்கு வந்ததும் மெக்கானிக் முதலில் கேட்பது, ஆற்றில் இறக்கினீர்களா என்றுதான்.