உண்டியலில் சிரிக்கும் சோட்டா பீம்! காசு யார் கணக்கில் சேருது?

திருவிழா கடைகளில் ஒரு காலத்தில் மண் உண்டியல்தான் விற்றது. இப்போது சோட்டா பீம், டோரேமான் படம் போட்ட தகர உண்டியலும், பிளாஸ்டிக் உண்டியலும்தான் பிள்ளைகள் கண்ணில் படுகிறது. மிட்டாய் வாங்க வைத்திருந்த காசைக்கூட பீமுக்கு போடும் வாண்டுகள் உண்டு.

இப்படி படம் காட்டி சேமிப்பை சொல்லிக் கொடுக்கும் வேலையை ரிசர்வ் வங்கியே செய்திருக்கிறது. 2007-ம் ஆண்டு நவம்பர் 14-ந்தேதி, குழந்தைகள் தினத்தன்று, ராஜு என்ற சிறுவன், மணி குமார் ஆகிய பாத்திரங்களை வைத்து படக்கதைகளை இணையதளத்தில் வெளியிட்டது. வங்கி என்றால் என்ன, அங்கே பணம் எப்படி பெருகுது என்பதை கதையாகவே சொன்னது.

எல்மோவின் 3 டப்பா

அமெரிக்காவில் ‘செசமி ஸ்ட்ரீட்’ டி.வி. நிகழ்ச்சியில் வரும் சிவப்பு பொம்மை எல்மோ. 2011-ல் இதை வைத்து சேமிப்பு பாடம் நடத்தினார்கள். கிடைக்கும் காசை 3 டப்பாவில் பிரித்துப் போட வேண்டும். ஒன்று செலவுக்கு, ஒன்று சேமிப்புக்கு, ஒன்று மற்றவர்களுக்கு கொடுக்க. ஆசைப்பட்ட பந்தை வாங்க காசு சேரும் வரை எல்மோ காத்திருக்கும். அந்த பொறுமைதான் பாடமே.

ஆஸ்திரேலியாவில் எதிர்ப்பு

ஆனால் கார்ட்டூன் மட்டும் போதாது என்பதற்கு ஆஸ்திரேலியா உதாரணம். அங்கே காமன்வெல்த் வங்கி 1931 முதல் பள்ளிகளில் சேமிப்பு திட்டம் நடத்தியது. பிள்ளைகளை இழுக்க ‘டாலர்மைட்ஸ்’ என்ற கார்ட்டூன் கூட்டத்தை இறக்கியது. காசு போட்டால் டோக்கன், டோக்கன் சேர்ந்தால் பரிசு.

2020 டிசம்பரில் அந்நாட்டு நிதி கண்காணிப்பு ஆணையம் அறிக்கை வெளியிட்டது. இத்தகைய பள்ளி திட்டங்களால் சேமிப்பு பழக்கம் வளர்ந்ததாக வங்கிகளால் நிரூபிக்க முடியவில்லை என்றும், விளம்பர உத்தியில் சின்னப் பிள்ளைகள் சிக்குகிறார்கள் என்றும் அது சொன்னது. விக்டோரியா மாநிலம் 2021 முதல் பள்ளிகளில் இதற்கு தடை போட்டது.

சொல்லாம எடுக்காதீங்க

நம்ம வீட்டு சிக்கல் வேறு. மாதக் கடைசியில் காஸ் சிலிண்டருக்கோ, பஸ்சுக்கோ பிள்ளை உண்டியலை கவிழ்ப்பது பல வீடுகளில் நடப்பதுதான். கஷ்டத்துக்கு எடுப்பதில் தப்பில்லை. பிள்ளையிடம் கேட்டு எடுக்கணும், சொன்ன நாளில் திருப்பி போடணும். தெரியாமல் எடுத்து மாட்டிக்கொண்டால் அப்புறம் பீம் வந்து சொன்னாலும் அந்த பிள்ளை காசு போடாது.

உண்டியல் நிரம்பியதும் காசை கணக்கில் போட்டு விடுவது நல்லது. எந்த வயது பிள்ளைக்கும் பெற்றோர் வங்கியில் சேமிப்பு கணக்கு தொடங்கலாம். கார்டியனாக தாயாரே கையெழுத்து போடலாம். 10 வயது முடிந்த பிள்ளைகள் தாங்களே கணக்கை நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2014-ல் சொன்னது; 2025 ஏப்ரலில் அதை மீண்டும் உறுதி செய்தது. எவ்வளவு வரை போடலாம், எடுக்கலாம் என்பதை அந்தந்த வங்கிதான் முடிவு செய்யும். தபால் அலுவலகத்திலும் 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் தங்கள் பெயரில் கணக்கு வைக்கலாம்.

கணக்கு தொடங்கப் போகும்போது பிள்ளையையும் கையோடு கூட்டிப்போங்க. பாஸ்புக்கில் தன் பெயரை பார்த்து விட்டால், அடுத்த உண்டியலை நிரப்ப கார்ட்டூன் படம் தேவைப்படாது.