தூக்கத்தைக் காத்தால் இணையம் நல்லது

1964-ல் தொழிற்பேட்டை வந்த நாளிலிருந்து அம்பத்தூரின் வாழ்க்கை ஷிப்ட் நேரப்படி ஓடுகிறது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, பூந்தமல்லியைச் சுற்றிப் பட்டறைகளும் கிடங்குகளும், பிறகு வந்த ஐ.டி. நிறுவனங்கள் என இரவு வேலை இங்கே பல குடும்பங்களுக்குப் பழகிப்போனது. ஏற்கெனவே குறைவாகத் தூங்கும் இவர்களிடம் மிச்சத் தூக்கத்தையும் செல்போன் பறிக்கிறது. இணையத்தின் நன்மை நமக்கு நிலைக்க, முதலில் தூக்கத்தைக் காக்க வேண்டும்.

உடலுக்கும் மனதுக்கும் கிடைப்பவை

லீவு போட்டால் அன்றைய கூலி போய்விடும் தொழிலாளிக்கு, வீட்டிலிருந்தே மருத்துவரிடம் ஆலோசனை கேட்க உதவும் மத்திய அரசின் இ-சஞ்சீவனி பெரிய வசதி. எந்த ரத்த வங்கியில் எந்த வகை ரத்தம் இருக்கிறது என்பதை இ-ரக்தகோஷ் தளத்தில் பார்க்கலாம். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து உழைக்கும் இளைஞருக்கு, வீடியோ காலில் அம்மா முகத்தைப் பார்ப்பதே தெம்பு.

தூக்கம் கெட்டால்

இருட்டியதும் மூளையில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் உடலைத் தூக்கத்துக்குத் தயார் செய்கிறது. படுக்கையில் பார்க்கும் திரையின் வெளிச்சம் அந்தச் சுரப்பைத் தாமதப்படுத்தும். அடுத்தடுத்து வரும் ரீல்ஸ் மனதை அடங்கவிடாது. நைட் ஷிப்ட் முடித்துக் காலையில் படுப்பவருக்குப் பகல் வெளிச்சமும் தெருச் சத்தமும் சேர்ந்துகொள்கின்றன.

பெரியவர்களுக்குத் தினமும் 7 மணி நேரத் தூக்கமாவது வேண்டும். தொடர்ந்து குறைந்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், உடல் பருமன் வரும் வாய்ப்பு கூடும். தூக்கக் கலக்கத்தோடு பிரஸ் மெஷின் முன் நிற்பதும், சி.டி.எச். சாலையில் பைக் ஓட்டுவதும் உயிருக்கே ஆபத்து.

கண், கழுத்து, காது

திரையைப் பார்க்கும்போது நாம் இமைப்பது குறைவதால் கண் வறண்டு எரிகிறது. 20 நிமிடங்களுக்கு ஒருமுறை, 20 அடி தள்ளியிருக்கும் ஒன்றை 20 விநாடி பாருங்கள். மின்சார ரயிலில் தலை குனிந்தபடியே வராமல், போனைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பிடித்தால் கழுத்து வலி குறையும். ரயில் இரைச்சலை மிஞ்ச இயர்போன் சத்தத்தைக் கூட்டினால் காது கெடும்.

குழந்தைகள்

2 வயது நிறையும்வரை திரை வேண்டாம், 2 முதல் 4 வயதுவரை தினம் 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்ன அறிவுரை. போனைக் காட்டிச் சோறு ஊட்டினால், வயிறு நிறைந்ததே தெரியாமல் சாப்பிடக் குழந்தை பழகிவிடும். பகல் வெளிச்சத்தில் வெளியே விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு.

பொய்த் தகவலும் பண இழப்பும்

வாட்ஸ்அப்பில் வந்த கஷாயத்தை நம்பிச் சர்க்கரை மாத்திரையை நிறுத்தினால் கண்ணும் சிறுநீரகமும் பாதிக்கப்படும். மருத்துவரைக் கேட்காமல் எந்த மருந்தையும் நிறுத்தாதீர்கள்.

இணைய மோசடியில் பணம் போனால் உடனே 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்கி மீட்கும் வாய்ப்பு அதிகம். ஏமாந்த அவமானத்தில் மனம் உடைந்தவர் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

இன்றே தொடங்குங்கள்

- படுக்க 1 மணி நேரம் முன்பே போனைக் கைக்கு எட்டாத அலமாரியில் வையுங்கள்.
- காலையில் எழ, தனியாக அலாரம் கடிகாரம் வாங்குங்கள்.
- பகலில் தூங்குபவர் என்றால் ஜன்னலுக்குக் கனமான திரைச்சீலை போடுங்கள்.
- சில வாரங்கள் கழித்தும் தூக்கம் சரியாகவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

இந்த விதிகளை வீட்டுப் பெரியவர்கள் முதலில் கடைப்பிடிக்க வேண்டும். அப்போதுதான் பிள்ளைகளும் கேட்பார்கள்.